தண்ணீர் கேட்கப் போய்த் தேனைப் பற்றிப் பேசிய மரங்கொத்தி

ஒரு காட்டில் ஒரு பாறை இருந்தது. சிங்கத்தை விட்டுவிட்டுப் பாறையில் கதையைத் தொடங்குகிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள், பிள்ளைகளே. அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. நரி ஒன்று இருந்தது. ஆனால் இந்தக் கதை நடந்தபோது அது பக்கத்துக் காட்டில் மாமியார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தது. ஆகவே பாறையிலிருந்தே தொடங்குவோம்.

அதற்குப் பேச்சுப் பாறை என்று பெயர். காட்டில் யாருக்கு என்ன வழக்கு என்றாலும் அங்கேதான் தீரும். பாறைக்கு மேற்கே ஓர் இலுப்பை மரம் நின்றது. உச்சி வெயில் சாய்ந்ததும் அந்த மரத்தின் நிழல் பாறையின் ஓரத்தைத் தொடும். பேச வந்தவர் அப்போது பாறைமேல் ஏற வேண்டும். நிழல் மெல்ல நகர்ந்து மறு ஓரத்தைத் தாண்டும்வரை அவர் இறங்கக் கூடாது. முன்னதாக இறங்கினால் வழக்கைக் கைவிட்டதாக அர்த்தம். அவர் மேலே நிற்கிறவரை எதிர்த்தரப்பு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

நிழல் தாண்டியதும் மூன்று நடுவர்கள் ஆளுக்கு ஓர் இலை போடுவார்கள். பச்சை இலை என்றால் ‘சரி’. காய்ந்த சருகு என்றால் ‘முடியாது’. யானையம்மா, கரடியார், மயிலார் ஆகிய மூவரும்தான் நடுவர்கள். யானையம்மாவுக்குப் பொறுமை அதிகம். கரடியாருக்குத் தேன் என்றால் உயிர். மயிலாருக்குத் தன் அழகின் மேல் கொள்ளை ஆசை. போகிற வழியில் தண்ணீர் தெரிந்தால் எட்டி முகம் பார்க்காமல் போக மாட்டார்.

அந்த ஆண்டு கோடை மிகக் கொடுமையாக இருந்தது. ஓடை வற்றி, ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. விடிந்தும் விடியாமலும் காட்டெருமைக் கூட்டம் அதில் இறங்கிவிடும். பொழுது சாயும்வரை புரளும். தண்ணீர் புளிக்குழம்பு மாதிரி ஆகிவிடும். எருமைகள் ஏறியதும் சிறுத்தை குடிக்க வரும். சிறுத்தை குடிக்கும் நேரத்தில் முயலும் காடையும் அங்கே போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே சின்னப் பிராணிகள் எல்லாம் பகலில் போய், எருமைக் கால்களுக்கு நடுவே கிடைத்த சேற்றைக் குடித்தன.

சருகுமானைத் தெரியுமல்லவா? முயலை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும் குட்டை மான். அந்தக் காட்டில் புள்ளி என்று ஒரு சருகுமான் இருந்தாள். அவளுக்கு மிளகு என்று ஒரு குட்டி. சேற்றுத் தண்ணீர் குடித்துக் குடித்து மிளகுக்கு வயிறு கெட்டுப்போயிற்று. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. நாளெல்லாம் துள்ளித் திரிந்த குட்டி இப்போது நாலு எட்டு நடந்தாலே படுத்துக்கொண்டது.

புள்ளி சின்னப் பிராணிகளை ஒன்று கூட்டினாள்.

“எருமைங்க ஏறினதும் சேறு அடியில படிஞ்சிடுது. விடியறப்போ தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு. வெயில் மூங்கில் உச்சிக்கு வர்ற வரைக்கும் மடுவை நமக்கு விட்டாப் போதும். அப்புறம் அவங்க பொழுதுக்கும் புரளட்டும். இதைத்தான் பாறையில கேக்கணும்,” என்றாள்.

“யாரு கேக்கறது?” என்றது ஒரு முயல். கேட்கும்போதே அதன் மீசை நடுங்கியது.

“நான் கேக்கறேன்!” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. டொக், டொக் என்று இரண்டு கொத்து விழுந்தது. கூடவே கொஞ்சம் மரத்தூளும் விழுந்தது.

அவர்தான் செங்கொண்டையார் என்ற மரங்கொத்தி. கணீரென்ற குரல் அவருக்கு. நல்ல மனசு. யாருக்கு அநியாயம் நடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவரிடம் ஒரே ஒரு குறைதான். எதைக் கண்டாலும் ஒரு கொத்துக் கொத்திப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மரத்தை மட்டும் சொல்லவில்லை. எந்த விஷயமாக இருந்தாலும் அதைப் பற்றி அவரிடம் ஒரு கருத்து இருக்கும். அந்தக் கருத்தை உடனே சொல்லியாக வேண்டும்.

குறித்த நாளில் காடே பாறையைச் சுற்றிக் கூடியது. எருமைகளின் தலைவன் கருமலை, சேறு சொட்டச் சொட்ட வந்து நின்றான். அவன் முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு நின்றது. எருமைகளுக்காக வழக்குப் பேச வந்தது அதுதான். கருமலைக்குப் பேச்சு வராது. கொக்குக்குத் தந்திரம் வரும். எருமைகள் சேற்றைக் கலக்கினால் தவளையும் குஞ்சுமீனும் மேலே வருமல்லவா? கொக்கின் காலைச் சாப்பாடு அதுதான். அதை அது யாரிடமும் சொல்வதில்லை.

நிழல் பாறையைத் தொட்டது. செங்கொண்டையார் ஏறி, கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, மேடைத் தமிழில் ஆரம்பித்தார்.

“நடுவர் பெருமக்களே! ஓடை ஓடியபோது எல்லோருக்கும்தான் ஓடியது. வற்றிய பிறகு மட்டும் அது ஒருவருக்கே எப்படிச் சொந்தமாகும்? எருமைகள் புரளக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. கொஞ்சம் தாமதமாகப் புரளுங்கள் என்றுதான் கேட்கிறோம். அவர்களுக்கு அது ஒரு சின்ன உறக்கத்தின் நேரம். இதோ இந்த மிளகுக்கு அது உயிர்!”

புள்ளி தன் குட்டியை முன்னால் நகர்த்தினாள். மிளகு நிற்க முயன்று, முடியாமல் அம்மாவின் காலில் சாய்ந்துகொண்டது.

யானையம்மாவின் கண் கலங்கியது. “நல்லாப் பேசுறாருய்யா!” என்றார் மயிலார். கரடியார் அவசரப்பட்டு ஒரு பச்சை இலையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டார். புள்ளிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். நிழல் தாண்டினால் போதும்.

ஆனால் நிழல் பாதிப் பாறைதான் வந்திருந்தது. செங்கொண்டையாருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. அவர் ஒரு காலை மாற்றி வைத்தார். இறகைக் கோதினார். வானத்தைப் பார்த்தார். கொக்கு இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தது.

“ஐயா, அருமையாப் பேசினீங்க,” என்றது கொக்கு, கழுத்தைத் தாழ்த்தி. “பதில் சொல்ல எனக்கு வாயே வரலைங்க. நிழல் தாண்ட நேரம் இருக்கு. சும்மாவா நிக்கப் போறீங்க? உங்கள மாதிரி விவரமானவங்க வாயால நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாமேன்னு ஒரு ஆசை. இந்தத் தேன் எடுக்கறதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?”

கீழே நின்ற புள்ளி ‘வேண்டாம் அண்ணே’ என்று தலையை ஆட்டினாள். செங்கொண்டையார் அவள் பக்கம் திரும்பினால்தானே!

“தேனா? மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தேன் எடுப்பது பச்சைத் திருட்டு! ஆயிரம் பூவுக்குப் பறந்து தேனீக்கள் சேர்த்ததை ஒரே மூச்சில் நக்கிவிட்டுப் போகிறவனைத் திருடன் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?”

கரடியாரின் கையிலிருந்த பச்சை இலை தரையில் விழுந்தது.

“ஆகா!” என்றது கொக்கு. “மயில் தோகையைப் பத்திக்கூட உங்களுக்கு ஒரு கருத்து இருக்குமே?”

“இல்லாமலா? தோகை ஒரு வீண் சுமை. பறக்கவும் உதவாது, ஒளியவும் உதவாது. மேகம் கறுத்த பிறகு ஆடுவார்களாம், தாங்கள் ஆடியதால்தான் மழை வந்தது என்று ஊரை நம்ப வைப்பார்களாம். நல்ல வேடிக்கை!”

மயிலார் விரித்திருந்த தோகையைப் படக்கென்று மூடினார்.

அதற்குமேல் கொக்கு கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை. செங்கொண்டையார் தானாகவே கொத்திக்கொண்டு போனார். குயில் முட்டையை அடைகாக்கும் காகத்துக்கு ஒரு கொத்து. தலைகீழாகத் தொங்கும் வௌவாலுக்கு ஒரு கொத்து. கடைசியில், “தண்ணீர்ப் பஞ்சம் என்கிறோமே, இப்படிக் கூட்டம் கூட்டமாகக் குட்டி போடுகிற முயல்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா?” என்றும் கேட்டுவிட்டார்.

முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “நமக்காகப் பேச வந்தவரு நம்மளையே கொத்துறாரே!” என்றது ஒன்று.

நிழல் தாண்டியது. யானையம்மா பச்சை இலை போட்டாள். கரடியார் ஒரு சருகை எடுத்துக் கசக்கிப் போட்டார். மயிலார் இருப்பதிலேயே காய்ந்த சருகாகத் தேடி எடுத்து வந்து போட்டார்.

“தண்ணி கேட்டது சருகுமான். உங்க ரெண்டு பேருக்கும் கோபம் மரங்கொத்தி மேல. இது நியாயமா?” என்றாள் யானையம்மா.

“ரெண்டும் ஒரே பாறையிலேருந்துதானே வந்துச்சு?” என்று உறுமினார் கரடியார்.

யானையம்மா பெருமூச்சு விட்டாள். “ஏழு நாள் கழிச்சு மறுபேச்சு உண்டு. ஒரு தடவைதான். அதுலயும் தோத்தா மழை வர்ற வரைக்கும் இந்த வழக்கை எடுக்க முடியாது,” என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தாள்.

கருமலை கூட்டத்தோடு மடுவுக்குத் திரும்பினான். அவன் முதுகில் கொக்கு ஒற்றைக் காலில் நின்று ஊரையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டு போயிற்று.

செங்கொண்டையார் பாறையிலிருந்து இறங்கியதும் புள்ளி எதிரே வந்து நின்றாள்.

“ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க?”

“நான் சொன்னதுல எது பொய்?” என்று சிலிர்த்துக்கொண்டார் அவர். “கேட்டாங்க, சொன்னேன். மனசுல இருக்கறதைச் சொல்றது தப்பா?”

“பொய்யோ மெய்யோ, எனக்குத் தெரியாது அண்ணே. தேன் திருட்டாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்தப் பாறையில நீங்க எங்களுக்காக ஏறினீங்க. அங்க நின்னு நீங்க போட்ட சண்டை எங்க கணக்குலதான் விழுந்துச்சு. அடி வாங்கினது நீங்க இல்ல, என் மிளகு.”

“அப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க!” என்று கோபமாகச் சொல்லிவிட்டு அவர் பறந்து போனார்.

அவர்களும் வேறு ஆளைத் தேடித்தான் பார்த்தார்கள். முயல் ஒன்று ஒத்திகைக்காகப் பாறையில் ஏறியது. “நடுவர்...” என்று ஆரம்பிக்கும்போது ஒரு இலுப்பைப் பூ பின்னால் விழுந்தது. முயலை அதன்பிறகு இரண்டு நாள் யாரும் பார்க்கவில்லை. காடை ஏறிப் பேசியது. பாறைக்கு அடியில் நின்றவர்களுக்கே ஒன்றும் கேட்கவில்லை. புள்ளி ஏறினாள். அவளுக்குப் பேச்சுக்குப் பதில் அழுகைதான் வந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் செங்கொண்டையார் மடுவுக்கு மேலே ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தார். கீழே மிளகு தள்ளாடித் தள்ளாடி வந்தது. எருமைகளின் கால்களுக்கு நடுவே முகத்தை நீட்டி ஒரு வாய் குடித்தது. உடனே கக்கியது. பிறகு மறுபடியும் குனிந்து குடித்தது. தாகத்துக்கு வேறு என்ன செய்யும்?

தேனைப் பற்றியும் தோகையைப் பற்றியும் தான் சொன்னதைச் செங்கொண்டையார் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பாதி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் குட்டியின் வயிற்றுக்கு அதனால் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடைத்ததா? அவருக்கு வெட்கமாக இருந்தது. நேரே புள்ளியிடம் பறந்து போனார்.

“தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி. இன்னொரு தடவை எனக்கு விடு.”

“விடறேன் அண்ணே. ஆனா அந்தக் கொக்கு மறுபடியும் ஏதாவது கேக்குமே?”

“கேக்கும்.”

“நீங்க வாயை மூடிக்கிட்டு நிப்பீங்களா?”

செங்கொண்டையார் யோசித்தார். பொய் சொல்லப் பிடிக்கவில்லை. “மாட்டேன். எனக்கே தெரியும். யாராவது என் கருத்து என்னன்னு கேட்டுட்டா எனக்கு உள்ளே அரிக்கும். பொறந்ததிலேருந்து நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது ஒரே ஒரு நாள்தான். அன்னிக்கு ஒரு பச்சை வேங்கைக் கட்டையில ஆழமாக் கொத்தி, அலகு மாட்டிக்கிச்சு. பிசின் வேற ஒட்டிக்கிச்சு. அரை நாள் ‘ம்ம்’னுதான் சொல்ல முடிஞ்சது.”

சொல்லிவிட்டு அவர் புள்ளியைப் பார்த்தார். புள்ளி அவரைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அடுத்த மூன்று நாளும் சின்னப் பிராணிகளுக்கு ஒரே வேலை. காற்றில் முறிந்து விழுந்திருந்த ஒரு பச்சை வேங்கைக் கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். முயல்கள் தள்ளின. அணில்கள் மேலே நின்று “இந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று கத்தின. காடைகள் வழியிலிருந்த கல்லைப் பொறுக்கின. இரண்டு தடவை கட்டை மேட்டிலிருந்து உருண்டு, புறப்பட்ட இடத்துக்கே போயிற்று. அப்போதெல்லாம் அணில்களுக்குத்தான் திட்டு விழுந்தது. கடைசியில் எப்படியோ பேச்சுப் பாறைமேல் அதை ஏற்றிவிட்டார்கள்.

“எதுக்கு இது?” என்று கேட்டது அந்தப் பக்கம் வந்த கொக்கு.

“சாஞ்சுக்கறதுக்கு,” என்றது ஒரு முயல்.

ஏழாம் நாள் வந்தது. காடு மறுபடியும் கூடியது. மிளகு அன்று தானாக நடந்து வரவில்லை; அம்மாதான் மூக்கால் தள்ளித் தள்ளிக் கூட்டி வந்தாள். புள்ளி அதைப் புல்மேல் படுக்க வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள். இன்றைக்கும் தோற்றால் மழைவரை தன் குட்டி தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

நிழல் பாறையைத் தொட்டதும் செங்கொண்டையார் ஏறினார். கரடியார் அவரைப் பார்த்து உர்ரென்றார். மயிலார் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“கரடியாரே, மயிலாரே! போன தடவை இங்கே நின்று நான் சொன்னவை என் சொந்தப் பேச்சு. அதில் இவர்களுக்குப் பங்கு இல்லை. இடம் தெரியாமல் பேசினேன், மன்னியுங்கள். அதைப் பற்றிச் சண்டை போட வேண்டுமானால் என் மரத்துக்கு வாருங்கள், நாள் முழுக்கப் போடலாம். இன்று இந்தப் பாறையில் தண்ணீரைத் தவிர வேறு பேச்சு கிடையாது.”

பிறகு அவர் புள்ளிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் புரச இலையில் செய்த ஒரு தொன்னையைக் கவ்வி வந்து நடுவர்கள் முன்னால் வைத்தாள். அதில் அன்று காலை மடுவில் மொண்ட தண்ணீர் இருந்தது.

“இதைத்தான் நாங்கள் குடிக்கிறோம். நடுவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம்,” என்றார் செங்கொண்டையார்.

யானையம்மா தும்பிக்கையை நீட்டி, முகர்ந்து, பின்னால் இழுத்துக்கொண்டாள். கரடியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். மயிலார் பழக்க தோஷத்தில் தொன்னைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என் முகம் எங்கே?” என்றார் பதறி.

“சேத்துக்குள்ள இருக்குதுங்க,” என்றது முயல்.

“இந்தக் கோடை முழுக்க எனக்கு என் முகமே தெரியலையே, இதனாலதானா!” என்று மயிலார் எருமைகளை முறைத்தார்.

“நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்,” என்றார் செங்கொண்டையார். நிழல் பாறையில் கால்வாசிகூட வந்திருக்கவில்லை. கொக்கு கழுத்தை நீட்டித் தயாரானது. செங்கொண்டையார் திரும்பினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். டொக்! அவருடைய அலகு வேங்கைக் கட்டைக்குள் அடிவரை இறங்கி மாட்டிக்கொண்டது.

“ஐயா,” என்று குழைந்தது கொக்கு. “அந்தத் தேன் விஷயம் பாதியில நின்னுபோச்சே. இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களேன்?”

“ம்ம்,” என்றார் செங்கொண்டையார்.

“வௌவாலைப் பத்தி?”

“ம்ம்ம்.”

“காக்காய் கூட்டைப் பத்தி?”

செங்கொண்டையாரின் கொண்டை எழுந்தது. வால் துடித்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கொக்குக்கு எரிச்சல் வந்தது. “மரம் கொத்தறதே மரத்துக்குப் பிடிச்ச நோய்னு நான் சொல்றேன். மரங்கொத்திங்களைக் காட்டை விட்டே துரத்தணும்! இதுக்கு என்ன சொல்றீங்க?”

அவ்வளவுதான். செங்கொண்டையார் இறக்கையை அடித்தார். இரண்டு காலையும் கட்டையில் உதைத்தார். கட்டை இப்படியும் அப்படியும் ஆடியது. “ம்ம்ம்ம்! ம்ம்! ம்ம்ம்ம்ம்!” என்று பாறை அதிர முனகினார். அலகு மட்டும் வரவில்லை. காடே விழுந்து விழுந்து சிரித்தது. உர்ரென்று இருந்த கரடியார்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டார்.

நிழல் இன்னும் பாதிதான் வந்திருந்தது. எல்லோரும் சிரிப்பதும், தன் கேள்விக்குப் பதில் வராததும் கொக்குக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்த பிறகு மூட வேண்டுமே!

“சிரிங்க, சிரிங்க! இந்தக் காட்டுல யாருக்கு மூளை இருக்கு?” என்று கத்தியது. “இந்த எருமைங்களையே எடுத்துக்கோங்களேன். என் கருத்தைக் கேட்டா, விடியக்காலையில இதுங்களுக்குச் சேறே வேண்டியதில்லை. வெயிலே வராம சேத்துல என்ன சுகம்? குளிர்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுக் கிடக்குதுங்க. இவங்க பாட்டன் இறங்கினானாம், அதனால இதுங்களும் இறங்குதுங்க. நான்தான் ‘போங்க, போங்க’ன்னு கிளப்பி விடறேன். இல்லாட்டி எனக்குத் தவளைக்கு எங்க போறது?”

சிரிப்பு சட்டென்று நின்றது. கருமலை மெதுவாகத் தலையைத் திருப்பி, தன் முதுகைப் பார்த்தான்.

“என்ன சொன்னே?”

கொக்கு ஒற்றைக் காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது. “அது... அது வந்து, என் சொந்தக் கருத்துங்க.”

“சொந்தக் கருத்தை என் முதுகுல நின்னா சொல்லுவே?” என்றான் கருமலை. உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினான். கொக்கு தொபீரென்று கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் அந்தத் தொன்னை இருந்தது. வெள்ளைக் கொக்கு மண் கொக்காக எழுந்து, யாரையும் பார்க்காமல் பறந்து போயிற்று.

கருமலை யானையம்மாவிடம் தலையைக் குனிந்தான். “குளிருதுங்கறது உண்மைதாம்மா,” என்றான் சின்னக் குரலில். “எங்க பெரிய கிழவர் ஒருத்தருக்கு இருமல்கூட விடலை. யாராவது வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களான்னுதான் நாங்களும் காத்துக்கிட்டு இருந்தோம்.”

நிழல் பாறையைத் தாண்டியது. யானையம்மா பச்சை இலை போட்டாள். மயிலார் பச்சை இலை போட்டார். கரடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு கிளையையே ஒடித்து வந்து போட்டார்.

“ம்ம்?” என்று கேட்டது பாறைமேல் ஒரு குரல். செங்கொண்டையாருக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லையே!

கரடியார் பாறையில் ஏறினார். ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பளக்கென்று அலகு வெளியே வந்தது.

“நிழல் தாண்டியாச்சா?” என்றார் செங்கொண்டையார் முதல் வேலையாக.

“தாண்டியாச்சு.”

“தீர்ப்பு?”

“மூணும் பச்சை.”

செங்கொண்டையார் கரடியாரின் கையிலிருந்து துள்ளி, பாறையை விட்டுத் தரையில் இறங்கினார். தரையில்தான் நிற்கிறோமா என்று ஒருமுறை குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“கரடியாரே, உங்க உதவிக்கு நன்றி. ஆனாலும் தேன் எடுக்கறது திருட்டுதான்!”

“அடேய்!” என்று கத்தினார் கரடியார். “இரு, நாளைக்கு உன் மரத்துக்கே வந்து பேசிக்கிறேன்!”

சொன்னபடி வந்தார். இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மரத்தடியில் சண்டை போட்டார்கள். பேசிப் பேசித் தொண்டை காய்ந்தபோது, இரண்டு பேரும் சேர்ந்து மடுவுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் தொடர்ந்தார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

தீர்ப்புக்கு மறுநாள் விடியலில் புள்ளி தன் குட்டியை மெல்லத் தாங்கித் தாங்கி மடுவுக்கு அழைத்துப் போனாள். எருமைகள் மேட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. தண்ணீரில் வானம் தெரிந்தது. மிளகு குனிந்து ஒரு வாய் குடித்தது. புள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குடித்தது உள்ளேயே நின்றது. மிளகு இன்னொரு வாய் குடித்தது. அப்புறம் நிமிராமல் குடித்துக்கொண்டே இருந்தது.

நீதி: பிறருக்காகப் பேச ஏறிய இடத்தில் நம் சொந்தக் கருத்தை அவிழ்த்து விட்டால், அதற்கான தண்டனை அவர்களுக்குப் போய்ச் சேரும்.